எழுபது கிலோவுக்கு ஒரு குதிரை

குதிரை வளர்க்க வள்ளூரைவிடத் தோதில்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பக்கம் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம். இன்னொரு பக்கம் துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கண்டெய்னர் லாரிகள். மேலே சாம்பல், கீழே பள்ளம். நடுவில் தப்பித்தவறிப் புல் முளைத்தால் அதற்கு எங்கள் தெரு மாடுகள் ஏற்கெனவே துண்டு போட்டு வைத்திருக்கும். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டுதான் என் மைத்துனன் குதிரையேறி வேட்டைக்குப் போவதென்று முடிவெடுத்தான்.

அவனுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து தூக்கம் வராத நேரத்தில் அமெரிக்கக்காரர்களின் வீடியோ பார்ப்பான். மொன்டானா, வயோமிங் பக்கத்து ஆட்கள் ஒரு குதிரையில் ஏறிக்கொண்டு, பொதி சுமக்கும் குதிரை இரண்டைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு மலைக்குள் போவார்கள். எல்க் என்ற ராட்சத மானைச் சுட்டு, கறியைப் பொதியேற்றித் திரும்புவார்கள். "மாமா, கம்மி பட்ஜெட்லயே ஆரம்பிக்கலாமாம்" என்றான். 'கம்மி பட்ஜெட்' என்று அவன் ஆரம்பித்தால் மீதிப் பட்ஜெட் யாருடையது என்பது எனக்குத் தெரியும்.

"முதல்ல எதைச் சுடப்போற?"

"முயல் மாமா."

1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முயலும் இருக்கிறது என்றேன். பழவேற்காட்டுப் பறவைகள் என்றான். அங்கே சரணாலயமே இருக்கிறது. காட்டுப்பன்றி என்றான். அதுவும் பட்டியலில் உண்டு. காகம், எலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றைக் கொல்லத் தடையில்லை என்று தனி அட்டவணை ஒன்று இருந்தது, 2022-இல் வந்த திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. எலி பிடிப்பதில் எங்கள் மாவட்டத்து இருளர்களை மிஞ்ச ஆள் கிடையாது. அவர்கள் அதற்குக் குதிரை கேட்டதாக வரலாறு இல்லை.

தமிழ்நாட்டில் குதிரையேறி வேட்டையாடிய கூட்டம் உண்டு, ஆனால் அது வெள்ளைக்காரக் கூட்டம். சென்னை கவர்னராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரால் ஊட்டியில் ஒரு பெரிய புல்வெளி இருக்கிறது. இங்கிலாந்தில் துரத்திய நரி இங்கே கிடைக்காததால் அந்தப் புல்வெளியில் நம் குள்ளநரியை வைத்து ஒப்பேற்றினார்கள். சிவப்புக் கோட்டு, ஊதுகொம்பு, நாய்ப்படை, குதிரைகள் எல்லாம் சேர்ந்து ஒரு குள்ளநரிக்கு. செலவுக்கும் வரவுக்கும் சம்பந்தமே இல்லாத கணக்கு. அதே புல்வெளியில் பிற்பாடு நம் சினிமாக்காரர்கள் டூயட் எடுத்தார்கள். அதிலாவது போட்ட காசு திரும்பி வர வாய்ப்பு இருந்தது.

நரியைத் துரத்தக் குதிரை வாங்கியது வெள்ளைக்காரன் கெட்டிக்காரத்தனம். நம் புராணத்தில் நரியே குதிரையாக வந்திருக்கிறது. குதிரை வாங்கக் கொடுத்த அரசாங்கப் பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவழித்துவிட, சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டி வந்தார். ராத்திரி அவை மறுபடி நரியாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. குறைந்த விலைக் குதிரையின் தரம் பற்றி நமக்குக் கிடைத்த முதல் எச்சரிக்கை அதுதான் என்று மைத்துனனிடம் சொன்னேன். "அது டெலிவரிக்கு அப்புறம் வந்த பிரச்சனை மாமா" என்றான்.

அசல் குதிரை வாங்கிய பாண்டியர்களாவது உருப்பட்டார்களா? 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார்: வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் குதிரைகள் கடல் தாண்டி வந்து இறங்கின, வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சவில்லை. நம் ஆட்களுக்குக் குதிரையைப் பராமரிக்கத் தெரியவில்லை. சோற்றோடு வெந்த கறியைக் கலந்து போட்டார்களாம். லாடம் அடிக்கத் தெரிந்தவர்கள் இந்தக் கரைக்கு வந்துவிடாதபடி வணிகர்களும் பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த ஆர்டர் வரும்! விற்றபின் சர்வீஸ் கிடையாது என்ற கொள்கையை நம் காலத்துக் கம்பெனிகள் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இத்தனைக்குப் பிறகும் அவன் அசையவில்லை. ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழாச் சந்தைக்குப் போனால் குதிரை வாங்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான், அங்கே குதிரைச் சந்தை பேர்போனது. ஆனால் வாங்குவது ஒரு நாள் செலவு. நானூறு கிலோ குதிரை தினமும் தன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உலர்தீவனம் தின்னும், அதாவது எட்டு கிலோ. கொள்ளு தனி, லாடம் தனி, வைத்தியர் தனி. கல்யாண ஊர்வலத்துக் குதிரையை வாடகைக்கு எடுக்கலாமா என்றான். எடுக்கலாம். முன்னால் பேண்டு செட் போகாவிட்டால் அது நகருமா என்பது சந்தேகம். பேண்டு செட்டோடு வேட்டைக்குப் போனால் மான் என்ன, மரமே எழுந்து ஓடும்.

சரி, குதிரை பிறகு வரட்டும், சாமானையாவது தயார் செய்வோம் என்றான். இந்த விஷயத்தில் மட்டும் எங்கள் வட்டாரத்தை அடித்துக்கொள்ள முடியாது. கான்பூர்ச் சேணம் புவிசார் குறியீடு பெற்றது, அதன் விலையும் அந்தக் கௌரவத்துக்கு ஏற்றபடி இருக்கும். பொதிக்கு அதெல்லாம் வேண்டியதில்லை. அமெரிக்கக்காரன் டாலர் கொடுத்து வாங்கும் பொதிப்பெட்டிக்குச் சமமாகப் பழைய சாமான் கடையில் நீலப் பிளாஸ்டிக் டிரம் கிடைக்கிறது. ஆலைகளில் மூலப்பொருள் வரும் ஜம்போ சாக்கை அறுத்துத் தைத்தால் கிழியாத பை. லாரிக்காரர்கள் கழித்துப்போட்ட பெல்ட்டும் ராட்செட்டும் கட்டுவதற்கு. சேணத்துக்கு அடியில் விரிக்கப் பழைய கம்பளி. பொதி கட்டும் சூத்திரம் ஒன்றே ஒன்று: இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் சேணம் புரண்டு முதுகில் புண் வரும். கழுதை வைத்துத் துணிமூட்டை சுமந்த காலத்தில் ஊருக்கு ஊர் தெரிந்திருந்த வித்தை இது.

எடை என்றதும் சட்டம் மறுபடி குறுக்கே வந்தது. வண்டியிழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் வருஷத்து விதிகளின்படி மட்டக்குதிரை மேல் 70 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது. கழுதைக்கு 50, கோவேறு கழுதைக்கு 200. என் மைத்துனன் 84 கிலோ. அவனைப் பொதியாகக் கணக்கிட்டால் புறப்படும் முன்பே குற்றவாளி. பொங்கலுக்குப் பிறந்தவீடு போய்த் திரும்பும் என் மனைவியின் அரிசி மூட்டை, தேங்காய், முறுக்கு டின் ஆகியவற்றுக்குச் சட்டப்படி கோவேறு கழுதைதான் வேண்டும்.

அந்த விதிகளை முழுக்கப் படித்தவன் மைத்துனன்தான். நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் மத்தியானம் 12 முதல் 3 வரை வேலையே கூடாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "மாமா, இந்த ரூல்ஸு எங்க கான்ட்ராக்டருக்குத் தெரியுமா?" என்றான்.

வீடியோ இல்லாமல், உண்மையாகவே பொதிக்குதிரை ஓட்டுகிற தமிழர்களும் இருக்கிறார்கள். கொடைக்கானல் மலையில் வெள்ளகவி என்ற ஊருக்கு அரிசியும் பருப்பும் குதிரை முதுகில்தான் போகின்றன. தேர்தல் வந்தால் ஓட்டு மெஷினும் அப்படியே. அவர்கள் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருப்பது ரோடு. ரோட்டோரத்தில் குடியிருக்கும் என் மைத்துனன் கேட்பது குதிரை.

செய்து முடித்த பொதிப்பெட்டிகளை வீணாக்க மனமில்லாமல் டிவிஎஸ் எக்ஸெல்லில் கட்டிப் பார்த்தோம். கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தாமல் எப்படி? தண்ணீர் கேன், சிமென்ட் மூட்டை, வெள்ளாடு என்று தமிழ்நாட்டில் எதையும் முகம் சுளிக்காமல் சுமக்கும் பொதிப் பிராணி அதுதான். இப்போது அதில் மீஞ்சூர் மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி வேட்டையாடி வருகிறான்.

குதிரையேறி வேட்டைக்குப் போக எங்கள் பக்கத்தில் இன்று தடையில்லாத ஒரே ஆள் பெருமாள். பிரம்மோற்சவம் வந்தால் அவருக்குக் குதிரை வாகனம் உண்டு. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பழைய சீவரம் வரை பார்வேட்டைக்கே போய் வருகிறார். வாகனக் குதிரை மரத்தால் ஆனது. கொள்ளு கேட்காது, லாடம் கேட்காது, ராத்திரி நரியாகவும் மாறாது. ஆனால் அது நடக்காது, நாம்தான் சுமக்க வேண்டும். 70 கிலோ வரம்பு நமக்குப் பொருந்தாது என்பதால் சட்டச் சிக்கலும் இல்லை. தோள் கொடுக்க ஆட்கள் குறைந்துவருவதாகக் கோயிலில் சொல்கிறார்கள். குதிரை ஆசை உள்ளவர்கள் வரலாம், செலவு ஒரு துண்டு மட்டும்.