குளத்தில் ஒரு மீட்டர் கப்பல்

கேள்வி: லண்டனில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். குளக்கரையில் தாத்தாக்கள் வரிசையாக நின்று ரிமோட்டில் பாய்மரப் படகு விடுகிறார்கள். இந்த வயதில் பொம்மை விளையாட்டா?

பதில்: பொம்மை பேட்டரியில் ஓடும், இது காற்றடித்தால்தான் நகரும். பேட்டரிக்கு இங்கே இரண்டே வேலை: சுக்கானைத் திருப்புவது, பாயை இழுத்து விடுவது. 'இன்டர்நேஷனல் ஒன் மீட்டர்' வகைப் படகின் நீளம் 1 மீட்டர். எடை 4 கிலோவுக்குக் குறையக் கூடாது. காற்றுக்கேற்ப மாற்றிக்கொள்ள 3 அளவுகளில் பாய்கள். விதிகள், சிறு திருத்தங்களோடு, பெரிய படகுப் பந்தய விதிகளேதான். இடப்பக்கம் காற்று வாங்கும் படகு, வலப்பக்கம் வாங்கும் படகுக்கு வழிவிட வேண்டும். தவறினால் ஒரு முழுச் சுற்று தண்டனை.

கஷ்டம் எங்கே தெரியுமா? உங்கள் கன்னத்தில் படும் காற்று வேறு, தூரத்தில் படகுக்கு அடிக்கும் காற்று வேறு. தண்ணீர்மேல் கருநிறமாகச் சிற்றலை ஓடிவருவதைக் கண்டு, அது படகைத் தொடும் முன்பே தயாராகிறவர் முந்துவார். அந்தத் தாத்தாக்களின் கண் அப்படிப் பழகிய கண். அடுத்த முறை ரிமோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். படகு உங்களை நோக்கித் திரும்பியதும் இடம் வலமாகிவிடும், நீங்களும் பேரனாகிவிடுவீர்கள்!