சென்னை விருந்தாளியும் பி. ரம்லி வீடும்

கேள்வி: கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து தங்கை குடும்பம் வருகிறது. பிள்ளைகளுக்குச் சினிமாப் பைத்தியம். காட்ட இங்கே என்ன இருக்கிறது?
– ஒரு வாசகி, தெமியாங்

பதில்: நமக்குத்தான் வருஷம் முழுக்கக் கோடையாயிற்றே அம்மா, விடுமுறைக்குக் காத்திருக்க வேண்டாம்! சிரம்பானில் கொமுட்டர் ரயில் ஏறி கோலாலம்பூர் போய், அங்கிருந்து செத்தாப்பாக் போங்கள். 1973-இல் மறைந்த பி. ரம்லி கடைசிவரை வாழ்ந்த வீடு அங்கே நினைவகமாக இருக்கிறது. நடிகர், பாடகர், இசையமைப்பாளர், இயக்குநர் எல்லாம் ஒரே ஆள். நம் ஊரில் இதற்கு நாலு பேருக்குச் சம்பளம் தர வேண்டும்.

'மலாய்ப் படத்துக்கும் நமக்கும் என்ன?' என்று மச்சான் கேட்பார். 'பக்தி' படத்தைச் சொல்லுங்கள். 1950-இல் ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய அதன் இயக்குநர் எல். கிருஷ்ணன், மதராஸில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். 1956-இல் 'ஹாங் துவா'வை வண்ணத்தில் எடுத்தவர் வங்காளியான பானி மஜும்தார். ரம்லி நடிக்க வந்த 'சிந்தா'வை இயக்கியவர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ். சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் இந்திய இயக்குநர்களின் கீழ் நடித்தபடியே தொழில் கற்ற ரம்லி, 1955-இல் 'பெனாரிக் பெச்சா'வைத் தாமே இயக்கினார். இந்தத் தொடர்பு நம் பாடப்புத்தகங்களிலும் வர வேண்டும் என்பது என் ஆசை.

போகுமுன் ரம்லியின் 'பூஜாங் லாப்போக்' நகைச்சுவைப் படங்களில் ஒன்றை வீட்டில் போட்டுவிடுங்கள். மொழி புரியாவிட்டாலும் பிள்ளைகள் சிரிப்பார்கள். அடுத்த மே மாதம் நீங்கள் சென்னை போனால், வடபழனியில் 2023-இல் திறந்த ஏவிஎம் அருங்காட்சியகத்துக்குத் தங்கை கூட்டிப்போகட்டும். அங்குள்ள பழைய கார்களைப் பார்த்ததும் மச்சான் வெளியே வரமாட்டார்.