முருகர் சாப்பிட்டாரா?

கிளியனூர்ப் பக்கம் மூன்று ஊருக்கு ஒருவராவது மயிலுக்கு நண்பராக இருப்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் சென்னையிலோ புதுச்சேரியிலோ இருப்பார்கள். கொல்லையில் சவுக்கு போட்டிருப்பார். இந்தக் கடைசி அடையாளம் முக்கியம். மல்லாட்டை (வேர்க்கடலை) போட்டவன் எவனும் மயிலோடு சிநேகம் பிடித்ததாக இந்த வட்டாரத்தில் சரித்திரம் இல்லை.

விடியற்காலையில் கையில் கிண்ணத்தோடு வாசலில் நின்று "முருகா" என்பார். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் பக்திப் பரவசம் என்று நினைத்துத் தாங்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டதுண்டு. வேலிகாத்தான் புதருக்குள்ளிருந்து ஒரு நீலக் கழுத்து நீளும். முருகர் வந்துவிட்டார்.

சிநேகம் ரேஷன் அரிசியில்தான் ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் முருகர் அதைக் காலால் கிளறிவிட்டுப் போனார். பொட்டுக்கடலை வந்தது. அதுவும் சலித்து, இப்போது உரித்த மல்லாட்டை. "தோலோட போட்டா எப்படித் தின்பாரு? அவருக்குப் பல்லா இருக்கு?" என்று மனைவியைக் கேட்பார். மயில் எப்போதும் 'அவர்'. வங்கியில் மேலாளராக இருக்கும் மகன் 'அவன்'. அந்த மகன் போனில் "சாப்டீங்களாப்பா?" என்று கேட்டால், "முருகரே இன்னும் சாப்புடல" என்று பதில் போகும்.

கண்ணாடியில் தெரிவது தானே என்பது ஆண் மயிலுக்குத் தெரியாது. சண்டைக்கு வந்த வேறு மயில் என்று நினைத்துக் கொத்தும். தெருவில் நிற்கும் வண்டி ஒன்றிலும் உருப்படியான கண்ணாடி கிடையாது. நம்மவர் தன் டி.வி.எஸ். எக்ஸ்.எல். கண்ணாடி இரண்டுக்கும் பழைய காலுறையை மாட்டிவிட்டார். அதைக் கழற்றாமலே திண்டிவனம் வரை போய்வருகிறார். கேட்டால், "அவரு கொத்தல, அழகு பாக்குறாரு" என்பார்.

இந்த நட்பில் சேராமலே அதற்குச் செலவு செய்கிறவர் ஒருவர் உண்டு. அடுத்த கொல்லைக்காரர். டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று திண்டிவனத்தின் பெயரையே சுருக்கி வைத்து மல்லாட்டை ரகங்களை வெளியிட்ட எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது. எல்லா ரகமும் மயிலுக்குப் பிடிக்கும். மார்கழியில் விதைத்த மறுநாளே சால் பிடித்து நடந்து, ஒவ்வொரு விதையாகக் கிளறி எடுத்துவிடும். வரிசையாக விதைக்கச் சொன்ன வேளாண் அதிகாரியின் பேச்சை முழுக்கப் புரிந்துகொண்டது மயில் ஒன்றுதான்.

"மாமா, உங்க முருகரு நேத்து நாலு சாலு மேஞ்சிட்டாரு."

"புழு பொறுக்கியிருப்பாருப்பா."

"புழு அப்படியே இருக்கு மாமா. மல்லாட்டையத்தான் காணோம்."

தகரத்தைத் தட்டியாயிற்று, ஒலிநாடாவை இழுத்துக் கட்டியாயிற்று, வெடியும் போட்டாயிற்று. கடைசியில் கொல்லையைச் சுற்றிப் புடவை வேலி. அதில் பாதிப் புடவை மாமி கொடுத்தது. நஷ்டஈடு என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சட்டமும் மாமா பக்கம்தான். 1963-இல் தேசியப் பறவையான மயில், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியோடு சேர்ந்து முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. இதை மாமா பஞ்சாயத்துக்குப் பஞ்சாயத்து சொல்வார். நாடெங்கும் மயில்கள் 150 விழுக்காட்டுக்கு மேல் பெருகிவிட்டதாக 2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை சொல்கிறது. தன் கிண்ணத்துக்கும் அதில் பங்குண்டு என்பது மாமாவின் எண்ணம்.

அவருக்கு ஒரே குறை கழுவெளிதான். மரக்காணத்து உப்பளத்தை ஒட்டிய அந்த ஏரியை 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். சென்னைக்காரர்கள் தொலைநோக்கியோடு கார் போட்டு வருகிறார்கள். "பூநாரை இன்னிக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. எங்க முருகரு இங்கியே ரேஷன் கார்டு வச்சிருக்குற ஆளு. அவரப் பாக்க ஒருத்தன் வரல."

வாதம் முற்றினால் பேகனைக் கூப்பிடுவார். மயிலுக்குப் போர்வை தந்த அந்த வள்ளலைப் பாடும் சிறுபாணாற்றுப்படைக்குப் பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடன். அவன் ஆண்ட ஓய்மாநாடு இந்தத் திண்டிவனம், மரக்காணம் வட்டாரமேதான். ஆகவே இது பரம்பரைக் குணம் என்பது அவர் முடிவு. பேகன் மலைநாட்டுக்குத் தலைவன், அவன் மல்லாட்டை போடவில்லை என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை. நமக்கெதற்கு?

அவரை உலுக்கிவிட்டது பக்கத்து ஊர்க் கல்யாணம் ஒன்று. அங்கே ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் திண்ணையில் நின்று "வேலா" என்று குரல் கொடுக்க, இடது காலைச் சற்றே சாய்த்து ஒரு மயில் வந்தது. அதே கால், அதே நடை. மாமா பந்தியில் உட்காராமலே ஊர் திரும்பினார். இரண்டு நாள் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. அப்புறம் போட்டி என்று வந்துவிட்டால் மல்லாட்டை காணாது என்று முந்திரிக்குப் போய்விட்டார்.

மயிலம் பங்குனி உத்திரத்துக்கு அடுத்த கொல்லைக்காரர் காவடி எடுக்கிறார். சூரபத்மன் தவமிருந்து மயில் வடிவ மலையானதாகத் தலபுராணம் சொல்லும் கோயில் அது. காவடிக்கு மயிலிறகு வேண்டும். ஆவணியில் முருகர் உதிர்த்த இறகெல்லாம் மாமா வீட்டுப் பரணில்தான் கட்டுக் கட்டாக இருக்கிறது. வந்து கேட்டார்.

"என்னப்பா வேண்டுதல?"

"மயிலு கொல்லைக்கு வரக்கூடாதுன்னுதான் மாமா."

மாமா கோபித்துக்கொள்ளவில்லை. பெரிய கட்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

"தாராளமா வேண்டிக்க. கையோட, அந்த வாத்தியாரு வீட்டுக்கும் போகக்கூடாதுன்னு சேத்துச் சொல்லிடு."