முப்பது மீட்டர் ஆழம்

என் வாட்ச் செயினில் ஒரு வாடை அடிப்பதை முதலில் கண்டுபிடித்தது மனைவிதான். முகர்ந்து பார்த்தேன். நேற்றைய மோர்க்குழம்பை ஒத்திருந்தது. கண்ணிகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு களிம்பு: வியர்வை, தோல் செதில், தேங்காயெண்ணெய், நெற்றிக்குப் போய்ச் சேராத திருநீறு. நான்கு வருடமாக நான்தான் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே குடியேறியிருக்கிறேன்.

வாட்சின் முதுகில் '30 மீட்டர், வாட்டர் ரெசிஸ்டென்ட்' என்று பொறித்திருந்தது. எங்கள் வீட்டு வாளியின் ஆழம் ஒன்றரை அடி. இருபத்தொன்பதரை மீட்டர் மிச்சம் என்ற தைரியத்தில் வெந்நீர் ஊற்றி, துணி சோப்புத் தூள் போட்டு, அரை மணி நேரம் ஊறவைத்தேன். அழுக்கு போனது. கூடவே மணியும் நின்றது. கண்ணாடிக்கு உள்ளே மார்கழி மாதம்.

"அரிசியில போடுப்பா" என்றான் மகன். இரண்டு நாள் அரிசி டப்பாவில் கிடந்தது. ஈரம் அப்படியே இருக்க, தவிட்டுத் தூசி மட்டும் புதிதாகச் சேர்ந்திருந்தது.

ரிப்பேர் கடைக்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு முதுகைத் திறந்தார். "வெந்நீரா சார்?"

"வெதுவெதுப்பா..."

"குளிப்பாட்டினீங்களா?"

30 மீட்டர் என்பது முங்கும் ஆழமல்லவாம். புது வாட்ச், அசையாத தண்ணீரில், 3 மடங்கு காற்றழுத்தத்தைத் தாங்கியதற்கான கணக்கு. நம் பாஷையில், கை கழுவும்போது தெறித்தால் பரவாயில்லை, அவ்வளவுதான். உள்ளே காவல் காப்பது ஒரு ரப்பர் வளையம். அதற்கும் வயதாகும், வெந்நீரும் சோப்பும் ஆகாது. "செயினை மட்டும் கழட்டி, பாத்திரம் கழுவுற சோப்பு ரெண்டு சொட்டு விட்டு, பழைய மெத்துனு பிரஷ்ஷால தேய்ங்க. உடம்பை ஈரத்துணியால துடைச்சா போதும். சாவி நல்லா உள்ள அமுங்கியிருக்கணும். தோல் பட்டையா இருந்தா தண்ணியே காட்டாதீங்க."

அப்பாவுக்கு இதெல்லாம் யாரும் சொல்லவில்லை. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கைகோத்து 1961இல் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய ஹெச்.எம்.டி.யின் ஜனதா அவருடையது. தினமும் சாவி கொடுப்பார், வேட்டி நுனியால் துடைப்பார். அக்ரிலிக் கண்ணாடியில் கீறல் விழுந்தால் பற்பசையைத் தடவித் தேய்ப்பார், மறைந்துவிடும். பல்லைக்கூட அவர் அவ்வளவு நேரம் தேய்த்ததில்லை.

வாட்ச் பிழைத்து வந்தது. போன ஞாயிறு, முறைப்படி செயினைக் கழற்ற உட்கார்ந்தேன். அதைப் பிடித்திருக்கும் பின்னுக்குள் ஸ்பிரிங் இருப்பது, அது துள்ளிப் பறந்த பிறகே தெரிந்தது. டார்ச்சோடு பீரோவுக்கு அடியில் ஊர்ந்தேன். ஒரு ரூபாய் கிடைத்தது. போன வருடம் நான் தொலைத்ததாகத் தீர்ப்பான தோட்டுத் திருகு கிடைத்தது. பின் மட்டும் இல்லை.

திருகை வாங்கிக்கொண்ட மனைவி, "அப்படியே கட்டிலுக்கு அடியிலயும் பார்த்துடுங்க" என்று துடைப்பத்தை நீட்டினாள்.