மஞ்சக் கட்டத்துல கெடந்த பாஸ்புக்

வாங்க தம்பி, இப்படி நெழல்ல உக்காருங்க. டைரக்டருங்க எல்லாம் போண்டாவைப் பாத்துப் போயாச்சு. இனி கொஞ்ச நேரத்துக்கு உங்களை யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. உள்ள மட்டும் கேட்டாங்களாக்கும்னு நீங்க நெனைக்கறது தெரியுதுங்க. கேக்கலைதான். முக்கா மணி நேரம் பேசுனீங்க, ஒருத்தரும் வாயைத் தொறக்கலை. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னு நீங்க சந்தோசமா லேப்டாப்பை மூடுனீங்க. ஒரு கூட்டத்துல ஒருத்தரும் பேசலைன்னா, ஒண்ணு எல்லாத்துக்கும் புரிஞ்சிருக்கோணும், இல்லாட்டி ஒருத்தருக்கும் புரிஞ்சிருக்கக் கூடாது. முதல் சங்கதி நம்ம போர்டுல நடந்து நான் பாத்ததில்லைங்க.

நம்ம பேங்க் சிஸ்டத்துல ஓட்டை தேடுன உங்க வேலை சுத்தம்னு நம்ம ஐ.டி. பையன் சொல்றான். அதுல நான் குத்தம் சொல்லலை. நூத்திப் பத்துப் பக்கம் ரிப்போர்ட். முதல் பதினஞ்சு பக்கம் உங்க கம்பெனி பெருமை. அப்பறம் வட்டமா ஒரு படம், செவப்பு, ஆரஞ்சு, மஞ்ச, பச்சைன்னு கோயில் நோம்பிக்குத் தோரணம் கட்டுன கணக்கா. கூட்டம் முடிஞ்சதும் தலைவர் அதைப் பாத்துட்டு, "பச்சை நெம்ப இருக்குதே, நல்லதுதானே?"ன்னார். நீங்க சிரிச்சீங்க. அவரு சிரிக்கலீங்க தம்பி, நெசமாவே கேட்டாரு.

அறுபத்தி மூணாம் பக்கம் ஞாபகம் இருக்குதுங்களா? மஞ்சக் கட்டத்துல, "இன்செக்யூர் டைரக்ட் ஆப்ஜெக்ட் ரெஃபரன்ஸ், சி.வி.எஸ்.எஸ். 6.5, மீடியம்". நீங்க அதை ஒரே மூச்சுல தாண்டிப் போயிட்டீங்க. நான் நம்ம பையனைக் கூப்பிட்டு, இதென்னடா மந்திரம்னேன். அவன் சொல்றான்: நம்ம மொபைல் ஆப்புல தன் கணக்குல நுழைஞ்ச எவனும், சர்வருக்குப் போற தகவல்ல கணக்கு நம்பரை மட்டும் மாத்திவிட்டா அடுத்தவன் பாஸ்புக் வந்து நிக்குமாம். இது உன் கணக்குதானான்னு சர்வர் கேக்கறதே இல்லையாம். அட ராமா! இந்த டவுன்ல எவன் கையில எவ்வளவு இருக்குது, எவன் நகையை அடமானம் வெச்சிருக்கான், எந்த ஊட்ல பொண்ணு கல்யாணத்துக்குச் சேத்து வெச்சிருக்காங்கங்கறதெல்லாம் பங்காளிக்குத் தெரிஞ்சா, பாதி பாகப்பிரிவினை நம்ம பேங்க் வாசல்லதான் நடக்கும். அதுக்கு மஞ்சக் கலராம், மீடியமாம்.

செவப்புல 9.8-னு ஒண்ணு போட்டீங்களே, அது ஸ்டோர் ரூம்ல கெடக்கற பழைய ட்ரெயினிங் மெஷினு. ஒரு வாடிக்கையாளர் பேரு அதுல கிடையாது, பேங்க் நெட்வொர்க்கோட சேத்தியும் இல்லை, எடைக்குப் போடப் போறோம். போர்டுல பாதி நேரம் அதுக்கே போச்சு.

இதெல்லாம் இந்தக் கெழவனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காதீங்க. என்ற பேத்தி பெங்களூர்ல உங்க தொழில்தான் பாக்குறா. அந்த சி.வி.எஸ்.எஸ். அளவுகோல்ல 9-ல இருந்து மேல கிரிட்டிக்கல், 7-ல இருந்து ஹை, 4-ல இருந்து மீடியம்னு அவதான் சொன்னா. ஓட்டை எவ்வளவு பெருசுன்னு அந்த நம்பரு சொல்லும், அது யார் ஊட்ல இருக்குதுன்னு அதுக்குத் தெரியாதாம். அவங்கவங்க இடத்துக்குத் தக்கபடி திருத்திக்கறதுக்கு அந்த அளவுகோல்லயே தனியா ஒரு கணக்கு உண்டாமே? நீங்க அந்தப் பக்கம் தலை வெச்சும் படுக்கலை.

எங்களுக்குப் புரியலைன்னு தெரிஞ்சதும் என்ன பண்ணீங்க? "ஐயா, ஊட்டைப் பூட்டிட்டுத் தொறப்பை வாசப்படியிலயே வெச்சுட்டுப் போற மாதிரி"ன்னீங்க. வேட்டி கட்டுன ஆளைப் பாத்தா உங்களுக்கெல்லாம் எப்படித்தான் பூட்டும் சாவியும் ஞாபகம் வருதோ! உள்ள உக்காந்திருந்தவங்க நூல் மில்லுக்காரரு, அரிசி மண்டிக்காரரு, ரிடையர்டு தாசில்தாரு. வட்டி அரை பர்சன்ட் ஏறுனா வருசத்துக்கு எவ்வளவு கூடும்னு காகிதம் இல்லாமச் சொல்ற ஆளுங்க. அவங்களுக்குக் கதை சொல்லாதீங்க. என்ன போகும், யாருக்குப் போகும், எப்பக்குள்ள சரி பண்ணோணும், அதைச் சொல்லுங்க.

அவங்க மனசுல ஓடுற கேள்வி ஒண்ணுதாங்க: புனேயில நடந்தது இங்க நடக்குமா? 2018 ஆகஸ்டுல காஸ்மாஸ் பேங்க், அதுவும் கூட்டுறவு பேங்க்தான். பணம் குடுக்கலாமா வேண்டாமான்னு சொல்ற ஏ.டி.எம். சுவிட்சுக்குப் பக்கத்துல கள்ள சுவிட்ச் ஒண்ணை வெச்சு, கேக்கற பணத்துக்கெல்லாம் அதையே "குடு குடு"ன்னு சொல்ல வெச்சுட்டானுங்க. 28 நாட்டு ஏ.டி.எம்.ல நோட்டு எடுத்தானுங்க, மிச்சத்தை, வெளிநாட்டு பேங்குக்குப் பணம் அனுப்பச் சொல்ற ஸ்விஃப்ட் வழியா ஹாங்காங்குக்குத் தள்ளுனானுங்க, மொத்தம் 94 கோடி. அதே வருசம் பிப்ரவரியில நம்ம கும்பகோணத்து சிட்டி யூனியன் பேங்க்லயும் ஸ்விஃப்ட்ல புகுந்து 20 லட்சம் டாலர் கிட்ட தாட்டிவிடப் பாத்தானுங்க. நீங்க இதைத் தொடவே இல்லை. நம்ம ஏ.டி.எம். சுவிட்சு உங்க ஸ்கோப்புலயே இல்லைன்னு தொண்ணூத்தி ஏழாம் பக்கத்துல எறும்பு சைஸ் எழுத்துல போட்டிருக்கீங்க. தலைவர் என்னமோ பேங்க் முச்சூடும் பாத்தாச்சுன்னு நெனைச்சுக்கிட்டு ஊட்டுக்குப் போறாரு. பாத்ததைவிடப் பாக்காததைத்தான் தம்பி மொத சொல்லோணும்.

ஆப்புல பணமும் போகும்னா கணக்கு இன்னும் சுளுவு. பேங்க் அசட்டையால பணம் போனா வாடிக்கையாளர் தலையில ஒத்தப் பைசா கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2017 டிசம்பர்லயே கூட்டுறவு பேங்குகளுக்கு எழுதியாச்சு. விசயம் நம்ம கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள்ள அரசாங்கத்தோட செர்ட்-இன்னுக்குச் சொல்லோணும். தனிப்பட்ட தகவலைக் கோட்டை விட்டா 250 கோடி வரைக்கும் அபராதம்னு 2023 சட்டம் சொல்லுது. தாசில்தாரு காதுல இதைப் போட்டிருந்தீங்கன்னா போண்டா எறங்கியிருக்காது.

அதுக்காகப் பயமுறுத்துனாப் போதும்னும் நெனைச்சுறாதீங்க. 1998 மே மாசம் அமெரிக்க செனட்டுல லாஃப்ட்டுன்னு ஒரு ஹேக்கர் கூட்டம், ஏழு பேரு வரிசையா உக்காந்து, 30 நிமிஷத்துல இன்டர்நெட்டையே முடக்கிருவோம்னு சொன்னாங்களாம். செனட்டருங்களுக்கு அது நல்லாவே புரிஞ்சுது. ஆனா, எந்த வேலையை யார் எப்ப முடிக்கோணும்னு ஒருத்தர் தலையிலயும் கட்டலை. 2008-ல பாகிஸ்தான் டெலிகாம் பண்ணுன கூத்துல உலகம் பூராவும் யூடியூப் ரெண்டு மணி நேரம் காணாமப் போச்சு. இன்டர்நெட்டுல தகவல் போற வழியைத் தீர்மானிக்கற ஏற்பாட்டுல, லாஃப்ட் ஆளுங்க சொன்ன அதே மாதிரி ஓட்டைதான்.

அமெரிக்கக் கம்பெனி ஈக்விஃபாக்ஸ் கதை இன்னும் மோசம். 2017 மார்ச்சுல, இந்த ஓட்டையை 48 மணி நேரத்துல அடைங்கன்னு உள்ளுக்குள்ள 400 பேத்துக்கு மேல மெயில் போச்சு. நானூறு பேத்துக்குப் போயும் அடைக்க வேண்டிய இடத்துல ஓட்டை அப்படியே கெடந்துச்சு. மே மாசம் திருடன் உள்ள வந்து ஜூலை கடைசி வரைக்கும் ஒரம்பரை மாதிரி தங்கிட்டான். 14 கோடிச் சொச்சம் பேரோட விவரம் போச்சு. நீங்களும் கடைசிப் பக்கத்துல "சம்பந்தப்பட்டவர்கள் நடவடிக்கை எடுக்கவும்"னு எழுதியிருக்கீங்க. நம்ம பேங்க்ல சம்பந்தப்பட்டவருன்னு யாருக்கும் சம்பளம் போடறதில்லை தம்பி.

இன்னொண்ணு. நீங்க பேசறப்ப நம்ம பையன் மூஞ்சியைப் பாத்தீங்களா? அத்தனை டைரக்டரு முன்னால அவன் வேலையைத் தோலுரிச்சீங்க. முந்தின நாளே அவனை டீக்கடைக்குக் கூப்பிட்டுக் காட்டியிருந்தா, கூட்டத்துல அவனே எந்திரிச்சு, இதை இப்படிச் சரி பண்றேங்கன்னு சொல்லியிருப்பான். உங்க வேலையில பாதியை அவன் செஞ்சு குடுத்திருப்பான்.

பேனா இருக்குதுங்களா? எழுதிக்குங்க. "நம்ம ஆப்புல எந்த வாடிக்கையாளராலயும் இன்னொருத்தர் பாஸ்புக்கைப் பாக்க முடியுது. நாங்களே பாத்தோம். சாஃப்ட்வேர்க்காரங்க சரி பண்ண ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் ஆப்புல பாஸ்புக் பக்கத்தை மூடி வெக்கறதா, திறந்தே வெக்கறதான்னு போர்டு இன்னைக்கே முடிவு பண்ணோணும். இதுக்குப் பொறுப்பு: மேனேஜர். ஏ.டி.எம். சுவிட்சை நாங்க சோதிக்கலை." இவ்வளவுதாங்க எங்களுக்கு வேணும், ஒத்தப் பக்கத்துல. அந்த நூத்திப் பத்துப் பக்கத்தை நம்ம பையன்கிட்டக் குடுங்க, அவனுக்கு அது வேணும், அதுல ஒரு வரி கொறைக்காதீங்க.

பொழுதோட அந்தப் பக்கத்தை என்ற வாட்ஸப்புக்கு அனுப்பி வையுங்க. நாளைக்கே அவசரக் கூட்டம் போடச் சொல்லி நான் தலைவரைப் புடிக்கறேன். பாஸ்புக் இன்னும் திறந்துதான் கெடக்குது.