சத்தம் போட ஓர் இடம் வேண்டி

பெறுநர்: வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக), எச்டிபி ஹப், தோ பாயோ
விண்ணப்பிப்பவர்: காத்தோங்வாசி ஒருவர் (இனி ‘மனுதாரர்’)
பொருள்: சமூகப் பட்டறை ஒன்றில் கட்டண உறுப்பினராகச் சேர்வதா வேண்டாமா என்பதைக் கழகமே முடிவுசெய்து தரும்படி கோருதல்

மதிப்பிற்குரிய கழகத்தாருக்கு,

மனுதாரர் மரின் பரேட்டில் வீவக வீட்டில் வசிப்பவர். ஊர் கேட்பவர்களிடம் காத்தோங் என்றுதான் சொல்வார், அந்த வட்டாரத்தில் எல்லாரும் அப்படித்தான். கழகத்தின் மீது தமக்கு எந்தப் புகாரும் இல்லை என்பதை முதலிலேயே பதிவுசெய்ய விரும்புகிறார். கூரை ஒழுகவில்லை. மின்தூக்கி ஓடுகிறது. 2024 ஜூன் 23 முதல் எம்ஆர்டியும் வந்துவிட்டது. லக்சாவுக்கு நடந்தே போகலாம். அவருக்குள்ள ஒரே குறை, இரண்டு கைகள் இருப்பது. வாரத்தில் ஐந்து நாள் அவை கணினியைத் தட்டிக்கொண்டு சாதுவாகக் கிடக்கின்றன. சனிக்கிழமை விடிந்தால் உளியும் ரம்பமும் கேட்கின்றன.

இந்தக் கோளாறு முற்றியதற்குக் காரணம் சில தேக்குப் பலகைகள். பாட்டி காலத்துக் கட்டிலைப் பிரித்தபோது தப்பியவை. அவற்றைக்கொண்டு சாமி அலமாரி செய்யப்போவதாக மனுதாரர் குடும்பத்தாரிடம் அறிவித்துவிட்டார். சிராங்கூன் ரோட்டுக்குப் போனால் கதவில் மணி தொங்கும் ஆயத்த அலமாரி கிடைக்குமே என்பது அவருடைய மனைவியின் கட்சி. சிலோன் ரோடு செண்பக விநாயகரும் மரத்தடியில் கிடைத்து, கொட்டகையில் தொடங்கி, பிறகுதான் ராஜகோபுரம் கண்டார் என்பது மனுதாரரின் பதில். பலகைகள் இப்போது சோபாவுக்குப் பின்னால் நிற்கின்றன. பொங்கலுக்கு வீடு கூட்டும்போதெல்லாம் அவற்றைப் பற்றி விசாரணை நடக்கிறது.

இனி விதிகளுக்கு வருவோம். வீடு புதுப்பிப்பில் இடிப்பது, தரைக்கல் பெயர்ப்பது, ஓடு வெட்டுவது, அளவுக்கு மீறித் துளையிடுவது போன்ற சத்தமான வேலைகளைத் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இடையில்தான் செய்யலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் கூடாது. இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்கும் தாதியைத் தவிர மற்ற எல்லாருக்கும் நல்ல விதி. மனுதாரருக்கு இதில் சிறு சங்கடம் உண்டு. அந்த நேரத்தில் அவர் ராபின்சன் ரோட்டு அலுவலகத்தில் இருப்பார். அதாவது, தாம் வீட்டில் இல்லாத நேரம் முழுவதும் அவர் தாராளமாகத் துளையிட்டுக்கொள்ளலாம். அலமாரி செய்வது வீடு புதுப்பிப்பு ஆகாதே என்று சட்டம் பேசலாம்தான். கீழ்வீட்டுப் பாட்டியிடம் அந்தச் சட்டம் எடுபடாது. எது அளவுக்கு மீறியது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது. அவர் அதை மேற்கூரையில் துடைப்பக்கட்டையால் தட்டி நிறைவேற்றுகிறார்.

வாசல் நடைபாதையில் வைத்து அறுக்கலாமா? தீ விபத்து நேர்ந்தால் தப்பியோட அங்கே 1.2 மீட்டர் அகலம் காலியாக இருக்க வேண்டும். பலகையை நீட்டிவைத்தால் பாதை போய்விடும். புளோக்கின் கீழ்த்தளம்? அங்கே மலாய்க்காரர் திருமணம் நடக்கலாம், சீனர் துக்கம் நடக்கலாம், சதுரங்கம் ஆடலாம். பந்து ஆடக் கூடாது. பந்தையே பொறுக்காத இடத்தில் வட்ட ரம்பத்தைப் பற்றிக் கேட்க மனுதாரருக்குத் துணிவு வரவில்லை.

புதிய வீடுகளில் இருப்பவர்கள் பாக்கியவான்கள். 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக அவர்களுக்குக் கான்கிரீட் காப்பறை கிடைத்தது. குண்டுவீச்சைத் தாங்கும் சுவர் மரம் அறுக்கும் சத்தத்தைத் தாங்காதா என்று மனுதாரர் ஆசையோடு யோசித்ததுண்டு. ஆனால் அவருடைய புளோக் 1970களில் எழுந்தது, காப்பறை கிடையாது. காப்பறை வாய்த்த நண்பர்களும் அதற்குள் அரிசி மூட்டையையும் பழுதான மின்விசிறியையும்தான் போர்க்கால ஏற்பாடாகப் பாதுகாத்து வருகிறார்கள்.

ஆகவே பட்டறை. பாய லேபாரைத் தாண்டித் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் ரம்பம் கத்தினாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். சந்தா கட்டினால் பொது மேசையில், பொதுக் கருவிகளோடு, வேண்டிய மட்டும் சத்தம் போடலாம். ஒருகாலத்தில் அப்படிப்பட்ட தொழிற்கூடங்கள் பலவும் கழகத்தின் கையில்தான் இருந்தன. 2018இல் அவற்றைத் தொழில் நிலங்களைக் கவனிக்கும் ஜேடிசி கழகத்திடம் ஒப்படைத்தாயிற்று. வீடு உனக்கு, தொழில் எனக்கு என்ற இந்தப் பாகப்பிரிவினையில், பிழைப்புக்காக அல்லாமல் ஆசைக்காக மரம் இழைப்பவன் யார் பங்கில் வருகிறான் என்று எந்த ஆவணமும் சொல்லவில்லை.

உறுப்பினர் படிவம் மேசைமேல் நிரப்பப்படாமல் கிடப்பதற்குக் காரணம் கஞ்சத்தனம் அல்ல. ஆராய்ச்சி. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்களின் வருகைப் பதிவுகளைப் பிரித்து மேய்ந்து 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் போயிருக்கிறார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்திருக்கிறது. அதே கூடங்களில் பத்து வருகைக்கான சீட்டை வாங்கியிருந்தால் வருகைக்குப் பத்து டாலரோடு முடிந்திருக்கும். மனுதாரரின் மனைவி இந்தக் கட்டுரையைப் படித்ததில்லை. துணி அலமாரிக்கு மேல் தூசி படிந்து கிடக்கும் கிதாரை மட்டும் பார்த்து அதே முடிவுக்கு வந்துவிட்டார்.

இன்னொரு கவலை, மனுதாரர் ஒழுங்காகப் போனாலும் பட்டறை இருக்குமா என்பது. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் 2006இல் தொடங்கிய டெக்‌ஷாப், சந்தாப் பட்டறைகளுக்கெல்லாம் முன்மாதிரியாகப் பேசப்பட்டது. லேசர் வெட்டி, பற்றவைப்புக் கருவி, கடைசல் இயந்திரம் எல்லாம் ஒரே கூரையின்கீழ். அமெரிக்காவில் பத்துக் கிளைகள் வரை விரிந்தது. 2017 நவம்பரில் ஒரே நாளில் எல்லாக் கதவையும் சாத்தியது, திவால் என்றும் அறிவித்தது. முன்பணம் கட்டியவர்கள் வாசலில் நின்றார்கள். பணக்கார ஊரில், கணினிப் பொறியாளர்கள் சூழ்ந்த இடத்திலேயே சந்தாவை மட்டும் நம்பி வாடகையும் இயந்திரச் செலவும் கட்டுப்படியாகவில்லை என்றால், தீவிலேயே விலையுயர்ந்த பொருள் சதுர அடிதான் என்று இருக்கும் சிங்கப்பூரில் என்ன கதி? இங்கேயும் முன்னோடிகள் இருக்கிறார்கள். ஹேக்கர்ஸ்பேஸ் எஸ்ஜி 2009இல் புசோரா ஸ்திரீட் கடைவீட்டு மாடியில், உறுப்பினர்கள் கைக்காசு போட்டு நடத்தத் தொடங்கிய இடம். பிறகு கிங் ஜார்ஜஸ் அவென்யூவுக்கு இடம்பெயர்ந்தது. காத்தோங்கில் அப்படியொரு கடைவீட்டு மாடியைப் பிடிக்கலாமென்றால் அதன் விலையில் சிற்றூர் ஒன்றையே வாங்கிவிடலாம். ஜூ சியாட் 2011இல் மரபுடைமை நகரானதில் மனுதாரருக்கும் பெருமைதான். தச்சன் அந்த மரபில் இன்னும் சேர்த்தியா என்று மட்டும் யாரிடம் கேட்பது எனத் தெரியவில்லை.

சந்தாக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டதில் மனுதாரருக்கு ஒன்று தெளிவானது. அந்தத் தொகையில் கருவிக்கான பங்கு சொற்பம். துளைபோடும் இயந்திரம் வாங்க யாரிடமும் கடன் கேட்க வேண்டியதில்லை, அடுத்த புளோக்கின் இரும்புக்கடையிலேயே கிடைக்கும். அதை முடுக்கிவிட ஓர் இடம் வேண்டும். மாதாமாதம் கட்டப்போவது அந்த இடத்தின் வாடகையை. வீட்டுக்குள் சத்தம் கூடாது என்று கழகம் எடுத்துக்கொண்ட ஒன்றை, தொழிற்பேட்டையில் வேறொருவரிடமிருந்து திரும்ப வாங்குவதுதான் இந்த உறுப்பினர் திட்டம்.

வியர்வை சிந்த விரும்புகிறவனுக்கு இந்த நாட்டில் இத்தனை கஷ்டம் இல்லை. 2014இல் அரசின் விளையாட்டுத் திட்டமான ஆக்டிவ்எஸ்ஜி தொடங்கியபோது சேர்ந்த ஒவ்வொரு குடிமகனுக்கும் நிரந்தரவாசிக்கும் 100 வெள்ளியைக் கணக்கில் போட்டு வரவேற்றார்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஒரு நுழைவு 2.50 வெள்ளி. தண்ணீர்ச் செலவை நீச்சல்குளமே சம்பாதித்துக்கொள்ளட்டும் என்று யாரும் சொல்வதில்லை. எடையைத் தூக்கித் தூக்கி அதே இடத்தில் வைப்பவனுக்கு மானியம் இருக்கிறது. அதே எடையுள்ள பலகையைத் தூக்கி அலமாரியாக்குபவன் மட்டும் சந்தை விலை கொடுக்க வேண்டும்.

படிக்கவும் பணம் உண்டு. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் 2016இல் 25 வயது நிரம்பிய குடிமக்களுக்கு 500 வெள்ளி தந்தது. 2024இல் 40 வயதைத் தொட்டவர்களுக்கு மேலும் 4,000 வெள்ளி வந்தது. எல்லாம் வகுப்புக்கு. வகுப்பு முடிந்த மறுநாள் போய் நிற்க ஒரு மேசைக்கு அந்தக் கணக்கில் வழியில்லை.

கழகத்தின் பதில் கடிதம் எப்படி இருக்கும் என்பதை மனுதாரர் ஓரளவு ஊகிக்கிறார். ‘தங்கள் கருத்துக்கு நன்றி, ஏற்கெனவே பல வசதிகள் உள்ளன.’ உள்ளன, மறுக்கவில்லை. தேசிய நூலக வாரியத்தின் வட்டார நூலகங்களில் மேக்இட் கூடங்கள் இருக்கின்றன, முப்பரிமாண அச்சு இயந்திரத்தைத் தொட்டுப் பழகலாம். நூலகம் என்பதால் அங்கே தேக்கு அறுப்பதை மனுதாரரே விரும்பமாட்டார். 2014இல் தொடங்கிய ரிப்பேர் கோப்பித்தியாமில் மாதக் கடைசி ஞாயிறு பழுதான மின்விசிறியைக் கொண்டுபோனால் தொண்டூழியர் ஒருவர் கூடவே உட்கார்ந்து சரிசெய்யக் கற்றுத்தருவார். அருமையான ஏற்பாடு. இருப்பதைப் பழுதுபார்க்க அது போதும். இல்லாததைச் செய்ய ஓரிரு மணி நேரம் போதாது.

வெளிநாட்டு நிலவரத்தையும் கழகத்தின் மேலான கவனத்திற்குக் கொண்டுவர அனுமதிக்க வேண்டும். அமெரிக்காவின் பெர்க்லியில் பொது நூலகம் 1979 முதல் புத்தகம்போல் கருவிகளையும் இலவசமாக இரவல் தருகிறது. ஆஸ்திரேலியாவின் கூல்வா என்ற சிற்றூரில் 1993இல், வயதான ஆண்கள் கூடிப் பேசிக்கொண்டே மரவேலை செய்ய ஒரு கொட்டகை திறந்தார்கள். இன்று அந்த நாட்டில் அப்படி ஆயிரத்துக்கும் மேல். 2010இல் வந்த ஆண்கள் நலக் கொள்கையில் அரசு அவற்றுக்கு நிதியும் ஒதுக்கியது. ஓய்வுபெற்ற ஆண்கள் மருத்துவரிடம் சொல்லாததைப் பக்கத்து மேசைக்காரரிடம் சொல்கிறார்கள் என்பதை அங்கே கண்டுகொண்டார்கள். சிங்கப்பூரில் 2030க்குள் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார். அவர்களில் கப்பல் பட்டறையில் பற்றவைத்தவர்கள் இருப்பார்கள், விமான இயந்திரத்தைப் பிரித்து மாட்டியவர்கள் இருப்பார்கள். அப்படிப்பட்டவர் கையில் பிங்கோ அட்டையைக் கொடுத்து உட்காரவைப்பதைவிட இழைப்புளியைக் கொடுத்தால் மூட்டுக்கும் மனசுக்கும் நல்லது என்று மனுதாரர் கருதுகிறார்.

இடமில்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிட வேண்டாம். மனுதாரர் இப்போது உட்கார்ந்து இந்த மனுவை எழுதும் இடம் அறுபது ஆண்டுகளுக்கு முன் கடல். 1966இல் கிழக்குக் கரையைத் தூர்க்கத் தொடங்கி, சிக்லாப்பிலும் பிடோக்கிலும் இருந்த குன்றுகளை வெட்டிக் கொண்டுவந்து கொட்டி, முழுக்க முழுக்க அந்த மண்மேல் கழகம் கட்டிய முதல் குடியிருப்புப் பேட்டை மரின் பரேட். மலையைப் பெயர்த்துக் கடலை நிரப்பியவர்களுக்கு மேசை போட இடம் கிடைக்கவில்லை என்றால் நம்புவது கடினம். போதாததற்கு, கிழக்குக் கரைக்கு அப்பால் ‘லாங் ஐலண்ட்’ என்று இன்னும் 800 ஹெக்டேரைத் தூர்க்கப்போவதாக 2023இல் அறிவிப்பும் வந்திருக்கிறது.

மனுதாரரின் கணக்கு எளிமையானது. கழகத்துக்கு 24 நகரங்கள், மூன்று பேட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மூவறை வீட்டளவு, அதாவது சுமார் 65 சதுர மீட்டர், ஒலி வெளியேறாத சுவரோடு கீழ்த்தளத்தில் ஒதுக்கட்டும். மரத்தூளை உறிஞ்ச ஒரு விசிறி, நாலு உறுதியான மேசை, முதலுதவிப் பெட்டி, பொறுப்பாக ஓய்வுபெற்ற தொழில்நுட்பர் ஒருவர். நுழைவுக்கு 2.50 வெள்ளி வாங்கிக்கொள்ளட்டும். 27 இடங்களையும் கூட்டினால் 1,755 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேரில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது.

பதில் வரும்வரை மனுதாரர் தமது சொந்தப் பொறுப்பில் ஓர் இடைக்கால முடிவு எடுத்திருக்கிறார். ஆண்டுச் சந்தா கட்டப்போவதில்லை, டெக்‌ஷாப் வாசலில் நின்றவர்கள் கண்முன் நிற்கிறார்கள். மாதச் சந்தாவுக்கு மனைவியின் ஒப்புதல் கிடைக்கவில்லை. ஒரு நாள் கட்டணம் கொடுத்துப் பலகைகளை அளவாக அறுத்து, பொருத்துக்கான துளைகளை அங்கேயே போட்டுக்கொண்டு வருவார். ஒட்டுவது, தேய்ப்பது, மெருகு பூசுவது ஆகிய சத்தமில்லாத வேலைகளை வீட்டில் வைத்துக்கொள்வார். கதவுக்கு மணி வேண்டுமா வேண்டாமா என்பது மட்டும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

இப்படிக்கு,
மனுதாரர்

நகல்:
ஜேடிசி கழகம்
நகர மன்றம்
கீழ்வீட்டுப் பாட்டி (தகவலுக்காக மட்டும்)