கூடாரத்து அண்ணை

ஓகஸ்ட் பிறந்ததும் மதவாச்சி வீதியில் முருங்கன் தாண்டி மன்னாரை நோக்கி வரும் வான்களின் கூரையைப் பாருங்கள். மடுமாதா கோயிலுக்குப் போய்த் திரும்புகிறவர்களின் கூரையில் பாயும் தலையணையும் கரிபிடித்த பானையும் இருக்கும். வியாபாரியின் கூரையில் மீன்பெட்டி இருக்கும். இவற்றுக்கு நடுவே, பூட்டுப் போட்ட கறுப்புப் பெட்டியும் சுருட்டிய நுரைமெத்தைகளும் எதற்கென்று விளங்காத ஒரு சின்னக் கோடரியும் கட்டிய வான் வந்தால், உள்ளே கூடாரத்து அண்ணை இருக்கிறார்.

வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். இருப்பது ரொறொன்ரோ, இல்லாவிட்டால் அதை ஒட்டிய மார்க்கம், பிரம்டன். பிறந்தது அடம்பனிலோ பேசாலையிலோ யாழ்ப்பாணத்திலோ. அதைக் கேட்டால்தான் சொல்வார். காற்சட்டையில் எண்ண முடியாத பைகள். இடுப்பில் ஒரு கொளுவி, கொளுவியில் ஒரு தகரக் குவளை. நெற்றியில் பட்டி போட்ட சின்ன டோர்ச், அதுவும் பட்டப்பகலில். தொப்பிக்குப் பின்னால் கழுத்தை மறைக்க ஒரு துணி தொங்கும். எங்கள் கடற்காரர் துவாயைத் தலையில் சுற்றி இதே காரியத்தைப் பார்க்கிறார்கள். துவாய்க்குப் பெரிய விலை இல்லையென்பதால் அதை அண்ணை உபகரணமாகச் சேர்ப்பதில்லை.

இந்தப் பழக்கம் அவரைக் கனடாவில் பிடித்தது. ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் ஏரிக்கரையோரம் கூடாரமடிக்க ஐந்து மாதத்துக்கு முன்னரே இடம் பதியலாம். நல்ல இடம் வேண்டுமென்றால் பதிந்தே ஆகவேண்டும். 1893இல் தொடங்கிய அல்கொன்குவின் பூங்கா, ஒன்ராறியோ ஏரியின் மணல்மேட்டுப் பூங்காவான சாண்ட்பாங்ஸ் என்ற பெயர்களை, எங்கள் ஆச்சிமார் வேளாங்கண்ணி என்று சொல்லுகிற குரலில் அவர் சொல்வார்.

ஆனால் அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்பது அவருடைய மனைவியைக் கேட்டால்தான் தெரியும். நாலு குடும்பம் சேர்ந்து போகும். ஆட்டிறைச்சிக் கறி முதல்நாளே வீட்டில் காய்ச்சிப் பெரிய சட்டியோடு ஏறும். ஏரிக்கரையில் காஸ் அடுப்பு வைத்துக் கொத்து றொட்டி. பிறகு நடுச்சாமம் வரை முந்நூற்றிநாலு சீட்டாட்டம். துரும்பு மாறி இறக்கிய சண்டை பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரரை எழுப்பிவிடும். அவர் மெல்ல வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்வார், திரும்பிப் போகும்போது கையில் ஒரு தட்டுக் கறியோடு போவார். அந்தக் காட்டில் அண்ணை முழுத் தமிழர். கனடாக்காரராக அவர் மாறுவது மன்னாருக்கு வந்தபிறகுதான்.

மன்னார்ப் பாலத்துக்கு முன்னரே ஒரு நிறுத்தம் உண்டு. கட்டுக்கரைக் குளம். வரைபடத்தில் ஜயன்ட்ஸ் ராங்க் என்று போட்டிருக்கும். அருவி ஆற்றைத் தேக்கத்தில் மறித்து, வாய்க்கால் வழியே கொண்டுவந்து நிரப்பும் குளம். மன்னாரின் பெருநிலத்து வயல்கள் இதை நம்பித்தான் விதைக்கின்றன. அண்ணைக்கு அது ஏரி. ஏரியென்றால் கரையில் ஒரு அலுவலகம் இருக்கும், அங்கே ஒருவர் தொப்பியோடு இருப்பார், அவர் பற்றுச்சீட்டுத் தருவார் என்று தேடுவார். ஒருமுறை அப்படித் தேடும்போது குளக்கட்டில் மாடு சாய்த்துக்கொண்டு போன ஐயா ஒருவரைப் பிடித்து, "ஐயா, இங்க ரென்ற் அடிக்க ஆரைக் கேக்கவேணும்?" என்றார்.

ஐயா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அடிக்கிறது தம்பி நீங்கள். படுக்கிறது மாடு. மாட்டைத்தான் கேக்கவேணும்" என்றார்.

கடைசியில் கட்டுக்குக் கீழே ஒரு கமக்காரர் தன் காணி ஓரத்தைக் கொடுத்தார். வீட்டு மலசலகூடத்தின் திறப்பையும் கூடவே நீட்டினார். அண்ணை திறப்பை வாங்கவில்லை. பையிலிருந்து ஒரு கைச்சவளை எடுத்துக் காட்டினார். இந்தக் கிராமங்களில் மலசலகூடம் கட்டிக்கொடுப்பதற்காக எத்தனை நிறுவனங்கள் எத்தனை வருடம் கூட்டம் வைத்தன என்று அந்தக் கமக்காரருக்கு நினைவிருக்கிறது. அவர் ஒன்றும் பேசவில்லை. மனைவியும் பிள்ளைகளும் திறப்பை வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்தது கரடி. அல்கொன்குவினில் சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்கக்கூடாது, பையில் கட்டி உயர மரக்கிளையில் தொங்கவிடவேண்டும். கரடி மோப்பம் பிடித்து வரும். நியாயமான சட்டம். எங்கள் பக்கத்திலும் கரடி இல்லாமல் இல்லை. தெற்கே வில்பத்துக் காட்டில் உண்டு. அங்கே வில்லுகள் என்று சொல்லும் இயற்கையான குளங்கள் உண்டு, சிறுத்தை உண்டு, 1938இலிருந்து தேசியப் பூங்கா என்ற பெயரும் உண்டு. ஆனால் அங்கே நினைத்த இடத்தில் வாகனத்தைவிட்டு இறங்கி நடக்க விடமாட்டார்கள் என்பதால் அண்ணைக்கு அந்தக் காடு பிடிக்காது. கரடி இல்லாத மன்னார்த் தீவுக்கு வந்து கரடிக்குப் பயந்து சாப்பாட்டைத் தொங்கவிடுவது அவருக்குப் பிடிக்கும்.

தீவின் தாழ்வுபாட்டுக் கரையில் சாப்பாட்டுப் பையையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு பனைகளுக்கு நடுவே நெடுநேரம் அண்ணாந்துகொண்டு நின்றார். பனைக்குக் கிளை இல்லை என்பது பிரம்டனில் முப்பது வருடம் இருந்தவருக்கு மறந்துபோயிருந்தது. பிறகு ஒரு உடை மரத்தில் கட்டினார். உடை மரம் எங்கள் காற்றில் குடைபோல் பரந்து தாழ்ந்து வளர்வது. இரவு சரசரவென்று சத்தம். அண்ணை நெற்றி டோர்ச்சைப் போட்டு விசிலை ஊதினார். வெளிச்சத்தில் நின்றது கழுதை. கனடாவிலிருந்து வந்த உலர்ந்த பாஸ்தாப் பக்கற்றை மட்டையோடு மென்றுகொண்டிருந்தது.

மன்னார்க் கழுதைகளை அரபு வணிகர் கொண்டுவந்தார்கள் என்பார்கள். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தையும் அவர்கள்தான் கொண்டுவந்து நட்டார்கள் என்பார்கள். மரம் நின்ற இடத்தில் நிற்கிறது. கழுதைகள் பஸ் நிலையம், வங்கி வாசல் என்று எங்கும் திரிகின்றன, மட்டை, கடதாசி எது கிடைத்தாலும் தின்கின்றன. கழுதைக்குப் பாஸ்தா எப்படி இருந்ததோ தெரியாது. அடுத்த நாள் காலையில் அண்ணையின் மகன் பேசாலைக் கடையில் பாணும் சம்பலும் மீன்குழம்பும் தின்றுவிட்டு, கழுதைக்கு நன்றி என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

காற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். ஓகஸ்டில் சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். அது நிற்பதில்லை. இந்தக் காற்றை நம்பித்தான் தீவின் தெற்குக் கரையில் தம்பபவனி என்று 30 காற்றாலைகள், 103.5 மெகாவாற்றுக்கு நட்டிருக்கிறார்கள். இதை நம்பித்தான் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடல்மேல் சறுக்குகிற வெளிநாட்டுக்காரர் தலைமன்னாருக்கு வருகிறார்கள். இந்தக் காற்றில் நாலு பேர் படுக்கும் பட்டுப்போன்ற துணிக் கூடாரத்தைக் கடற்கரை மணலில் விரல் நீள ஆணியால் அறைந்து நிறுத்துவது அண்ணையின் திட்டம். ஆணி மணலுக்குள் போன வேகத்தில் வெளியே வந்தது. கூடாரம் உருண்டு கருவாட்டுத் தட்டிகளுக்கு மேலால் ஏறி, காய்ந்துகொண்டிருந்த கட்டாவையும் நெத்தலியையும் வாரிக்கொண்டு, கரைவலைத் தோணி ஒன்றில் தட்டுப்பட்டு நின்றது. அண்ணை பின்னால் ஓடினார். ஊர்ப் பிள்ளைகள் அவருக்குப் பின்னால் ஓடினார்கள். அந்த வாரம் முழுதும் தாழ்வுபாட்டில் பேச்சு அதுதான். கூடாரத்தில் கருவாட்டு வாசம் போகவே இல்லை. மன்னாரை மணக்க மணக்கக் கொண்டுபோனவர் அவர் ஒருவர்தான்.

காற்றாலைகளைப் பார்த்து அண்ணை, "எவ்வளவு அழகு!" என்பார். தீவில் இன்னும் புதிய காற்றாலைகள் நடுவதையும் மணல் அகழ்வையும் எதிர்த்து 2025 ஓகஸ்டில் மன்னார் மக்கள் வீதியில் நாட்கணக்காக இருந்தார்கள். அழகு என்று அவர் சொன்ன நேரம் பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரத் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டதை அவர் கவனிக்கவில்லை.

இனி மலையேற்றம். மன்னார்த் தீவில் மலை இல்லை. தரையே கடலுக்கு மரியாதை கொடுத்து ஓர் ஓரமாகப் படுத்திருக்கிறது. ஆனாலும் கணுக்கால்வரை மூடிய சப்பாத்தும் இரண்டு கைக்கும் இரண்டு ஊன்றுகோலுமாக அண்ணை தலைமன்னார்க் கரையில் இறங்குவார். எதிரே வலைச்சுமையைத் தோளில் போட்டு வெறுங்காலோடு வந்த பெரியவர் நின்று, "என்ன தம்பி, காலிலை ஏதும் வெடி கிடி பட்டதோ?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். இந்த ஊரில் ஊன்றுகோலுக்கு வேறு காரணம் அவர் பார்த்ததில்லை. நடந்து முடிந்ததும் அண்ணையின் கைக்கடிகாரம் ஏறிய உயரம் ஆறு மீட்டர் என்றது. அவர் அதைப் படம் பிடித்து ரொறொன்ரோவுக்கு அனுப்பப் பார்த்தால், கைபேசி இந்தியாவுக்கு வரவேற்பதாகச் செய்தி போட்டது. தனுஷ்கோடி இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் அளவுதான். அலைக்கற்றைக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. அந்த ஒரு படத்துக்குச் சர்வதேசக் கட்டணம் விழுந்தது.

அண்ணை பூநாரையும் கேட்பார். இரண்டு முழ நீளக் கமரா லென்சோடு வங்காலைச் சரணாலயத்து உப்புச் சேற்றைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்காக நிற்பார். வங்காலை 2010இல் ராம்சார் சாசனப் பட்டியலில் ஏறிய ஈரநிலம். பூநாரைக் கூட்டங்களும் வடக்கேயிருந்து வரும் வாத்துகளும் அங்கே இறங்குவது மாரியில், நவம்பர் பிறந்து மார்ச் வரை. ஓகஸ்டில் அங்கே வெயில் இருக்கும். கனடாவில் பள்ளிக்கூட விடுமுறை எப்போதென்று பூநாரைக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை.

அவரைப் பார்த்து நாங்கள் சிரிக்கிறோமே தவிர, இந்தக் கரையில் கூடாரம் புதிதல்ல. முத்துக்குளிப்புக் காலத்தில் மரிச்சுக்கட்டியில் வெறும் மணல்மேல் சில வாரங்களுக்குள் கிடுகும் கம்புமாக ஒரு பட்டணமே முளைக்கும். சுழியோடிகள், அரபிகள், செட்டிமார், சிப்பி வாங்க வருகிறவர்கள், பொலிஸ், ஆஸ்பத்திரி, நீதிமன்றம் எல்லாம் அதற்குள். பிறகு அடுத்த குளிப்பு வரை மணல்தான். 1906இல் அங்கே வேலைக்கு அனுப்பப்பட்ட இளம் அதிகாரிதான் பிற்காலத்தில் பெயர்பெற்ற எழுத்தாளர் லெனாட் வுல்ஃப். அழுகும் சிப்பியின் நாற்றத்துக்கு நடுவே இரவு பகல் கணக்குப் பார்த்தவர். அவருக்கு நூறு வருடம் முந்திய ஆளுநர் பிரெடெரிக் நோர்த்துக்குக் கூடாரம் ஒத்துவரவில்லை. முத்துக்குளிப்பைப் பார்க்க வந்து தங்குவதற்கென்று அரிப்பில் கிரேக்கத் தூண் வைத்து மாளிகை கட்டினார். கடல் அதன் அடியை அரித்துக்கொண்டே போகிறது, மிச்சம் செங்கல் நிற்கிறது. அண்ணை அங்கே நின்று படம் எடுப்பார்.

இன்றைக்கும் காலத்துக்குக் காலம் நீர்கொழும்பு, சிலாபப் பக்கத்திலிருந்து மீனவக் குடும்பங்கள் வந்து இந்தக் கரையில் வாடி போடும். நாலு கம்பு, கிடுகு, மேலே தறப்பாள், வாசலில் தண்ணீர்ப் பீப்பாய். சோளகத்துக்கு எந்தப் பக்கம் முதுகு காட்டவேண்டும் என்பது அந்த வாடிக்குத் தெரியும். அதற்கு அறிவுறுத்தல் புத்தகம் கிடையாது.

ஓகஸ்ட் 15 மடுமாதா திருவிழா. திரும்பும் வழியில் அண்ணையும் போனார். இலட்சக்கணக்கான சனம், மரத்துக்கு மரம் குடும்பம் குடும்பமாகத் தறப்பாள் கட்டி, கல் வைத்து அடுப்பு மூட்டி, கயிறு கட்டிச் சேலை காயப்போட்டு, இன்ன மரம் எங்கள் மரம் என்று அப்பன் பாட்டன் காலத்து உரிமையோடு நாட்கணக்காகத் தங்கும் காடு அது. முன்னர் மாட்டுவண்டியில் வந்தார்கள், இப்போது வானில் வருகிறார்கள். அண்ணை மலைத்துப்போய், "இவ்வளவு பேருக்கும் ஆர் இடம் பதிஞ்சு குடுக்கிறது?" என்றார்.

"மாதா" என்றார் அடுப்படியிலிருந்த ஆச்சி.

அன்றிரவு அந்த ஆச்சியின் மரத்தடியில்தான் அண்ணையின் கூடாரம் நின்றது. ஆச்சியின் பேரன்மார் ஆணியை எறிந்துவிட்டு நாலு மூலைக்கும் கல் கட்டினார்கள். ஆச்சி துணியைத் தடவிப் பார்த்து, "என்ன விலை மோனை?" என்றார்.

"அறுநூறு டொலர் வரும் ஆச்சி."

ஆச்சி நம்பவில்லை. பேரன் ரூபாயில் கணக்குப் போட்டுச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். 1990இல் சண்டை மீண்டும் தொடங்கி ஊர்கள் வெளிக்கிட்டபோது இதே மடுவிலும் பேசாலையிலும்தான் ஐ.நா. அகதிகள் முகாம் நடத்தியது. "எங்களுக்கு யூ.என். சும்மா தந்தவன். நீல எழுத்துப் போட்டது. ஒன்பது பேர் படுத்தனாங்கள்" என்றார். பிறகு, "உங்கடையிலை எத்தினை பேர் படுக்கலாம்?"

"நாலு பேர் ஆச்சி."

"ஏமாத்திப்போட்டான்" என்றார் ஆச்சி.

அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். அப்போதுதான் தானும் 1990இல் பேசாலை முகாமில் தகப்பனோடு இருந்ததாகச் சொன்னார். அவருடைய மகன் அதை முதல்தடவையாகக் கேட்டான் போலிருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். "அது காம்பிங் இல்லையடா" என்றார். ஆச்சி பனம்பழம் ஒன்றை நெருப்பில் சுட்டுப் பிளந்து பையன் கையில் கொடுத்தார். அவன் மூக்கிலும் நாடியிலும் மஞ்சள் பூசிக்கொண்டு அதைச் சூப்பி முடித்தான். வறுத்துத் தின்னக் கொண்டுவந்த மாஷ்மலோப் பை திறக்கப்படாமலே ஆச்சியின் பேரப்பிள்ளைகளிடம் போனது. அந்த இரவு முந்நூற்றிநாலும் நடந்தது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஒருவரும் வரவில்லை.

இந்த அண்ணைமாரை ஊர் வெறுப்பதில்லை. வீட்டில் படு என்றால் மணலில் படுப்பேன் என்கிறவரை என்ன செய்வது? வாருங்கள். ஆனால் பூநாரை பார்க்க வேண்டுமென்றால் டிசம்பரிலோ ஜனவரியிலோ வாருங்கள். ஆணியை விட்டுவிட்டுக் கயிறு கூடுதலாகக் கொண்டுவாருங்கள், கல்லும் மண்மூட்டையும் இங்கே கிடைக்கும். சரணாலயம், கடற்படை எல்லை என்று பலகை நிற்கும் இடங்களில் கேட்டுவிட்டு இறங்குங்கள். திறப்பு நீட்டினால் வாங்குங்கள். போகும்போது பிளாஸ்டிக் போத்தலையும் பக்கற்றையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். எங்கள் கழுதைகளுக்குப் பிளாஸ்டிக்குக்கும் பாஸ்தாவுக்கும் வித்தியாசம் தெரியாது.